கலைச்சொல்லும் கருத்தும்: தொடக்கநிலைப் பௌதிக, வானியல் நூல்கள் பற்றிய ஒரு நோக்கு

தமிழில் வெளிவரும் தொடக்கநிலைப் பௌதிக, வானியல் நூல்களை நாம் நோக்குமிடத்து, அவற்றுட் பல கலைச்சொல்லை விளக்குவதாகக் கூறிக்கொண்டு அதனைப் பெயர்த்துத் தருவதோடு அமைந்துவிடுகின்றன என்பது புலனாகும். வடசொல்லா தனித்தமிழா என்ற விவாதத்திற் செலவிடப்பட்ட உழைப்பின் ஒரு பகுதியேனும், ஒரு சொல் வாசகர் மனத்தில் எக்கருத்தைத் தோற்றுவிக்கின்றது என்ற வினாவுக்குச் செலவிடப்படவில்லை.

'நிறை' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். இலங்கையில் அரசகரும மொழித் திணைக்களத்தின் சொற்றொகுதிகளும் பாடநூல்களும் நிலைநிறுத்திய வழக்கின்படி, பொருளொன்றின் சடத்துவத்துக்கு அளவாக நிற்பது திணிவு. அப்பொருளைப் புவி ஈர்க்கும் விசை நிறை. தமிழகப் பாடநூல்களிலோ முன்னது நிறை, பின்னது எடை. ஒரே மொழியின் ஒரே சொல், பாக்கு நீரிணையைக் கடந்ததும், எதனின்று வேறுபடுத்தப்பட வேண்டுமோ அதனையே குறிக்கத் தொடங்குகின்றது. ஆங்கிலம் அறிந்த வாசகர் மூலநூலைப் பார்த்து ஐயந் தெளிவார். தமிழ்நூல் ஒன்றையே நம்பியிருக்கும் கிராமப்புற மாணவருக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஆகவே இது வெறும் சொல்லாராய்ச்சியாளரின் பிரச்சினையன்று. விஞ்ஞானம் யாருக்கு உரியது என்ற வினாவோடு தொடர்புடையது.

எவ்வழக்கு சிறந்தது என்பதில் நாம் ஒரு பக்கஞ் சார்வதற்கில்லை. குழப்பத்துக்கு இடமளியாத வகையில் 'திணிவு' பொருத்தமானது. ஆனால் திசையும் சேர்ந்த கதியை நாம் 'வேகம்' என்றும், தமிழகத்தார் 'திசைவேகம்' என்றும் வழங்குவதை ஒப்பிடின், அவர்களின் ஆக்கமே கருத்தைத் தன்னுள் கொண்டுள்ளது எனலாம்.

சொல் செம்மையாக அமைந்தாலும் வரைவிலக்கணம் வழுவுவதுண்டு. 'பொருளிலுள்ள சடப்பொருளின் அளவே திணிவு' என்ற வாக்கியம் நூலுக்கு நூல் எடுத்தாளப்படுகின்றது. சடப்பொருளின் அளவு யாதென வினவினால் மீண்டும் திணிவையே காட்டவேண்டியிருக்கும். 1687இல் வெளிவந்த 'பிரின்சிப்பியா'வில் நியூற்றன் அடர்த்தியையும் கனவளவையும் கொண்டு திணிவை வரையறுத்தார். அடர்த்தியே திணிவின்றி வரையறுக்கப்பட முடியாததால் இது வட்டமாகச் சுழல்கின்றது என ஏர்ணஸ்ற் மாக் 1883இல் சுட்டிக்காட்டினார். நமது நூலாசிரியர்களை அக்கண்டனம் இன்னும் எட்டவில்லை போலும்! ஒரே விசை இரு பொருள்கள்மீது தாக்கும்போது குறைவாக ஆர்முடுகுவது கூடிய திணிவுடையது என்று தொடங்கின், வண்டில் தள்ளிய எவருக்கும் அது விளங்கும். 60 கிலோகிராம் திணிவுடைய ஒருவரின் நிறை புவியில் ஏறத்தாழ 588 நியூற்றன். சந்திரனில் ஏறத்தாழ 97 நியூற்றன். திணிவோ மாறுவதில்லை.

இவ்வேறுபாடு தெளிவாகாமையாலேயே விண்வெளியில் ஈர்ப்பு இல்லை என்ற தவறு பரவுகின்றது. சர்வதேச விண்வெளி நிலையம் சுற்றும் ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில், புவியீர்ப்பு தரைமட்டத்திலுள்ளதன் பத்தில் ஒன்பது பங்களவினது. நிலையமும் அதனுள் இருப்போரும் ஒருங்கே வீழ்ந்துகொண்டிருத்தலாற் தாங்கும் விசை உணரப்படுவதில்லை. இதனை நாம் 'நிறையின்மை' என்கிறோம். தமிழக மாணவர் அதைத் திணிவே இல்லாத நிலையெனக் கொள்ளக்கூடும்.

வானியலில் 'கோள்' விதந்து கூறத்தக்கது. கிரகம் என்பதை விடுத்துத் தமிழ்ச்சொல்லை மீட்டதாக மகிழ்வோர் உளர். எனினும் கொள் என்னும் வினையடியாகப் பிறந்த கோள், பற்றுதலைக் குறிக்கும் கிரகத்தின் அதே கருத்தினையே சுமக்கின்றது. பஞ்சாங்கத்தின் ஒன்பதினுள் ஞாயிறும் திங்களும் உள. நாம் வாழும் புவி இல்லை. கொப்பேர்னிக்கசின் நூல் 1543இல் வெளிவந்தபின் புவி கோளாயிற்று, ஞாயிறு உடுவாயிற்று. வட்டுக்கோட்டைச் செமினரியைச் சேர்ந்த ஹொய்சிங்டன், மரபுவழி வானியல் நூலொன்றை மொழிபெயர்ப்போடும் குறிப்புகளோடும் 1848இல் யாழ்ப்பாணத்திற் பதிப்பித்தபோது இவ்விரு முறைகளும் அருகருகே வைத்து நோக்கப்பட்டன. இன்றைய தொடக்கநூல்கள் இம்மாற்றத்தைப் பேசாது பட்டியலை மட்டுமே தருகின்றன. 2006இல் சர்வதேச வானியல் ஒன்றியம் புளூட்டோவைக் குறுங்கோள் வகையிற் சேர்த்தமையும், காரணங் கூறப்படாது, வெறும் எண்ணிக்கைத் திருத்தமாகவே அவற்றில் இடம்பெறுகின்றது. தன் சுற்றுப்பாதைச் சூழலைத் துப்புரவாக்கியிருத்தல் என்னும் நிபந்தனையைப் புளூட்டோ நிறைவுசெய்யவில்லை என்று ஒரு வாக்கியம் சேர்த்தாற் போதுமே.

'ஒளியாண்டு' காலத்தின் அலகன்று, தூரத்தின் அலகு என்பதையும் இங்கு குறித்தல் வேண்டும். ஒளி ஓராண்டிற் செல்லும் 9.46 இலட்சங் கோடி கி.மீ. அது. ஞாயிற்றுக்கு அடுத்து நமக்கு மிக அண்மையிலுள்ள உடு 4.24 ஒளியாண்டுத் தூரத்திலுள்ளது. 'பல ஒளியாண்டுகளுக்கு முன்னர்' என எழுதுவோர் நமது சஞ்சிகைகளில் இன்றும் உளர்.