கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலும் போகலாம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த கையோடு அன்னூர்ப் பக்கம் சில ஆசிரியர்கள் வீடு வீடாக ஏறி இறங்குவார்கள். பஞ்சாலை வேலைக்கு ஆள் சேர்ப்பவர் முந்திக்கொள்ளக் கூடாதே என்ற அவசரம். திண்ணையில் உட்கார்ந்து, "ஏனுங்கம்மா, பாப்பா பன்னெண்டாவது வரைக்கும் படிக்கட்டுமுங்க" என்பார்கள். "பாக்கலாமுங்க சார்" என்று பதில் வரும். கட்டாயக் கல்விச் சட்டம் 14 வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் ஆசிரியரிடம் இருப்பது வாய்ச்சொல் மட்டுமே. ஆனாலும் ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது அந்தப் பெண் புத்தகப்பையோடு வந்து நிற்பதுண்டு.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருக்கும் சர்வதேச நீதிமன்றத்துக்கும் இப்படி ஒரு வேலை உண்டு. நாடுகளுக்கிடையிலான வழக்கில் அது தருவது தீர்ப்பு, கட்டுப்பட்டாக வேண்டும். ஐ.நா. பொதுச்சபையோ ஐ.நா. அமைப்புகளோ சட்டச் சந்தேகம் கேட்டால் அது தருவது ஆலோசனைக் கருத்து. கேட்டுக்கொள்ளலாம், கேட்காமலும் போகலாம்.

இந்த 'போகலாம்' எவ்வளவு பெரிய ஓட்டை என்பது தமிழக ஆசிரியர்களுக்குத் தெரியும். ஓய்வூதியம் முதலான சலுகைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து 2003 ஜூலை 2இல் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டமான டெஸ்மாவும் ஓர் அவசரச் சட்டமும் பாய்ந்தன. சுமார் 1,70,000 பேர் ஒரே வீச்சில் வேலை இழந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நிபந்தனையற்ற மன்னிப்பும் உறுதிமொழியும் எழுதிக் கொடுத்தால் திரும்பச் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஏற்பாடாயிற்று. 'இனிமேல் செய்ய மாட்டேன்' என்று மாணவர்களிடம் எழுதி வாங்கிப் பழகிய கைகள், அதே வாசகத்தைத் தாமே எழுதி நீட்டின. ஆகஸ்ட் 6ஆம் தேதி வந்த தீர்ப்போ, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை சட்டப்படியும் இல்லை, தார்மீகமாகவும் இல்லை என்றது.

தொழிற்சங்கப் புகார் ஜெனிவாவுக்குப் போனது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் சங்கச் சுதந்திரக் குழு நீதிமன்றம் அல்ல. அதன் சொல்லும் பரிந்துரைதான். ஆசிரியர்களுக்கு வேலைநிறுத்த உரிமை இருக்க வேண்டும், டெஸ்மாவைத் திருத்த வேண்டும் என்று 2005இல் அது சொன்னது. நியாயமான சொல். ஆனால் அதற்குள் வேறொன்று நடந்து முடிந்திருந்தது. 2004 மக்களவைத் தேர்தலில், அப்போது மாநிலத்தை ஆண்ட அ.தி.மு.க.வின் கூட்டணி தமிழகத்தின் 39 தொகுதிகளிலும் தோற்றது. உடனே, அந்த மே மாதமே, வேலைநிறுத்தம் செய்தவர்கள் மீதான நடவடிக்கைகளைக் கைவிடுவதாக அரசு அறிவித்தது. ஜெனிவாவின் காகிதம் வருவதற்கு முன்பே வாக்கு தன் வேலையை முடித்துவிட்டது.

சங்கம் அமைக்கும் உரிமை குறித்த, தொழிலாளர் அமைப்பின் 87ஆம் உடன்படிக்கையை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. அரசு ஊழியர்களுக்கு இருக்கும் கட்டுப்பாடுகளையே அதற்குக் காரணமாகச் சொல்கிறது. எந்த ஊழியருக்குப் பாதுகாப்பு வேண்டுமோ அந்த ஊழியரையே காரணம் காட்டிப் பாதுகாப்பை மறுப்பது எப்படிச் சரியாகும்?

இதை வைத்து ஆலோசனைக் கருத்தே வீண் என்று ஒதுக்கிவிடவும் முடியாது. ஈழத் தமிழ் அகதிகள் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்த தியாகோ கார்சியா, சாகோஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. அந்தத் தீவுகளின் மீதான தன் நிர்வாகத்தைப் பிரிட்டன் முடித்துக்கொள்ள வேண்டும் என்று 2019 பிப்ரவரியில் ஹேக் கருத்துச் சொன்னது. பிரிட்டன் தட்டிக்கழித்தது. தீவுகளுக்கு உரிமை கோரிய மொரீஷியஸ் விடவில்லை. கருத்தைப் பொதுச்சபைக்குத் தூக்கிச் சென்று, 116 நாடுகளின் வாக்கைப் பெற்று, விடாமல் நெருக்கியது. 2025 மே மாதம் தீவுகளின் இறைமையை ஒப்படைக்கும் ஒப்பந்தத்தில் பிரிட்டன் கையெழுத்திட்டது. சொல் ஒன்றுதான், இங்கே அதைத் தூக்கிச் சுமக்க ஒரு நாடு இருந்தது.

ஆசிரியர்களிடம் அப்படிச் சுமக்கும் வலு இல்லை. ஹேக்கின் கதவை அவர்கள் நேராகத் தட்டவும் முடியாது. வேலைநிறுத்த உரிமை 87ஆம் உடன்படிக்கைக்குள் அடங்குமா என்று முதலாளிகள் தரப்பு 2012இல் கிளப்பிய சண்டை, 2023 நவம்பரில்தான் தொழிலாளர் அமைப்பு வழியாக ஹேக் போய்ச் சேர்ந்தது. 1932க்குப் பிறகு அந்த அமைப்பு உலக நீதிமன்றத்தில் விளக்கம் கேட்டது அதுவே முதல் தடவை. விசாரணை 2025 அக்டோபரில் நடந்தது.

ஆலோசனை சொல்பவர் தவறினால் யார் கேட்பது என்ற கேள்வியும் உண்டு. ஹேக் சொன்ன கருத்துக்கு மேல்முறையீடு கிடையாது. "இவனுக்குப் படிப்பு ஏறாதுங்க" என்று ஒரு ஆசிரியர் வாய்தவறிச் சொன்னதை நம்பி மகனைப் பட்டறைக்கு அனுப்பிய அப்பாவும் எங்கே போய் முறையிடுவார்? இரண்டு இடத்திலும் சொல்பவருக்கு மரியாதை இருக்கிறது, பொறுப்பு இல்லை. ஒரு வித்தியாசம், ஆசிரியர் மறுபடியும் அதே திண்ணைக்கு வரக்கூடியவர்.

இந்தியாவில் இப்படிப்பட்ட சொல்லுக்கு வலுவேற்ற ஒரு வழி ஏற்கெனவே இருக்கிறது. 1997இல் விசாகா வழக்கில் பெண்களுக்கெதிரான பாகுபாட்டை ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையைத் துணைக்கு வைத்துத்தான், பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான விதிகளை உச்ச நீதிமன்றம் வகுத்தது. இந்தியா அந்த உடன்படிக்கையை 1993இலேயே ஏற்றிருந்தது. 87ஐ ஏற்காததால் ஆசிரியர்களின் வழக்குக்கு அந்தப் பிடிமானம் கிடைக்கவில்லை. பழைய ஓய்வூதியம் கேட்டு 2019 ஜனவரியில் மறுபடி தெருவுக்கு வந்த சங்கங்கள், தங்கள் கோரிக்கைப் பட்டியலில் ஓய்வூதியத்துக்கு அடுத்த வரியாக 87ஆம் உடன்படிக்கையை எழுதிச் சேர்க்க வேண்டும். அதைக் கேட்க வேண்டிய இடம் ஹேக்கோ ஜெனிவாவோ அல்ல, டெல்லி.