நான்கு காலாட் தாக்குதல்: ஒரு மதிப்பீடு

சதுரங்கத்தில் நடுக்களத்தைக் காலாட்களாற் கைப்பற்றிய அணியே வலிமை மிக்கது என்பது தராஷ் முதலிய ஆசிரியர்கள் வற்புறுத்திய கொள்கை. நிம்சோவிச், றெற்றி முதலியோர் இதனை மறுத்தனர். பகையணியை நடுக்களத்திற் பரவவிட்டுத் தூரத்திலிருந்து தாக்கி அழிக்கலாம் என்பது இவர்தம் கட்சி. 1921ஆம் ஆண்டு புடாபெஸ்ற் போட்டியில் அலெக்கைன் ஆடி, பின்னர் அவர் பெயராலேயே வழங்கலான தற்காப்பு, இக்கட்சிக்குக் கடுஞ்சோதனையாக அமைந்தது.

இத்தற்காப்பிற் கறுப்பணி தன் குதிரையை முன்னிறுத்தி வெள்ளைக் காலாட்களை வலிந்து அழைக்கின்றது. அரசன் காலாள் ஐந்தாம் வரிசைக்கும், அரசி காலாளும் இரு மந்திரிக் காலாட்களும் நான்காம் வரிசைக்கும் ஏறுவதே நான்கு காலாட் தாக்குதல். முதல் ஐந்து நகர்வுகளும் காலாட்களுக்கே செலவாதலால் வெள்ளையணி காலத்தை வீணாக்கியது என்பர் பலர். இவ்வாதம் பொருந்தாது. கறுப்பணியும் அதற்குள் ஒரே குதிரையை மும்முறை நகர்த்தியுள்ளது. வேறு பெருங்காய் எதுவும் வெளிவரவில்லை.

உண்மைக் குறை வேறிடத்துள்ளது. காலாள் பின்வாங்குவதில்லை. அரசி காலாளின் இருமருங்கும் நின்ற காலாட்கள் அதனைக் காக்கும் இடத்தைக் கடந்து சென்றுவிட்டன. இனி அதற்குப் பெருங்காய்களே காவல். கறுப்பணி முதலில் ஒரு காலாளை மாற்றி வழியைத் திறத்தல் வேண்டும். பின்னர் குதிரையும் அரசியும் அரசி காலாளைத் தாக்க, அதனைக் காக்கும் வெள்ளைக் குதிரையை மந்திரி கட்டிவைக்க, முன்னேறி நிற்கும் அரசன் காலாளைக் கறுப்பு மந்திரிக் காலாள் மோத, அணி முழுவதும் ஆட்டங்காணும். தலையைத் தாக்குவதோடு அமையாது, அடியையும் தாக்குதலே இம்முறையின் உயிர்நிலை.

ஆயினும் இதற்குக் காலவெல்லை உண்டு. வெள்ளையணி காய்களை வெளிக்கொணர்ந்து, தக்க தருணத்தில் அரசி காலாளை மேலும் தள்ளுமாயின், அதுவரை சுமையாயிருந்த காலாளே படைக்கலமாகும். கறுப்புக் காய்கள் இடமின்றி நெருக்குண்ணும். எனவே, பரந்த நடுக்களம் தானே வீழும் என்று புதுக் கொள்கையினர் சிலர் கொண்ட நம்பிக்கை பாதியுண்மையே. அது வீழ்வதில்லை, வீழ்த்தப்படுகின்றது.

1972ஆம் ஆண்டு உலகப் பட்டத்துக்கான 13ஆம் ஆட்டத்திற் பிஷர் இத்தற்காப்பை ஆடியபோது, ஸ்பாஸ்கி நான்கு காலாட்களை ஏவாது, நான்காம் நகர்விற் குதிரையை வெளிக்கொணர்ந்தார். எனினும் நெடிய இறுதியாட்டத்தின் பின் வென்றவர் பிஷரே. காலாட்களைப் பரப்புதலோ அடக்குதலோ தன்னளவில் வெற்றி தருவதன்று. ஒவ்வொரு காலாளுக்கும் காவல் யாது, அக்காவலை எப்போது நீக்கலாம் என்று ஆராய்பவனுக்கே இவ்விரு கொள்கைகளும் பயன்படும்.