ஓடாதே, நில்!

போன வருஷம் ஒரு ராத்திரி, மணி பதினொன்றே முக்கால். மாமாவுக்கு நெஞ்சை அடைக்கிறது என்று பக்கத்து அறையிலிருந்து அத்தை குரல் கொடுத்தார். போனை எடுத்து, வழக்கமாகப் போகிற ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைத் திறந்தேன். முதலில் வெள்ளைக் கோட்டு டாக்டர் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு மெல்லத் தோன்றினார். அவர் நகர்ந்ததும் கட்டடம் வந்தது. கட்டடம் போய் ஒரு குழந்தை சிரித்தது. மேலே ஒரு பட்டையில் அவசர உதவி எண் வலமிருந்து இடமாக ஓடிக்கொண்டிருந்தது. அஞ்சு இலக்கத்தை மனசில் வாங்குவதற்குள் மொத்த நம்பரும் ஓரத்தில் போய் ஒளிந்துகொண்டது. அடுத்த சுற்றுக்குக் காத்திருந்தால் நடுவே சர்க்கரை நோய் முகாம், அப்புறம் புத்தாண்டு வாழ்த்து. விட்டுவிட்டு 108-ஐக் கூப்பிட்டேன். (மாமா நலம். வெறும் வாயு. மறுநாளே பஜ்ஜி கேட்டார்!)

ஒரு டெலிபோன் நம்பர் எதற்காக ஓட வேண்டும்? அன்றையிலிருந்து இதுதான் என் கேள்வி.

ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் சமீபத்தில் இரண்டு டிசைன்களைக் காட்டினார். ஒன்றில் எல்லாம் ஆடுகிறது, மிதக்கிறது, சுழல்கிறது. இன்னொன்று தேமே என்று நிற்கிறது. 'எதுப்பா எடுக்கறது? ஆடறதுதான் ரிச்சா இருக்கு' என்றார். நீங்களும் நாளைக்கே ஒரு வெப்சைட் போடலாம். அதனால் உங்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

இந்த ஆட்டத்துக்கு வயசு முப்பதுக்கு மேல். தொண்ணூறுகளில் நெட்ஸ்கேப்காரர்கள் எழுத்தை மினுக்க வைத்தார்கள். போட்டிக்கு மைக்ரோசாஃப்ட் எழுத்தை ஓட வைத்தது. பிறகு ஃப்ளாஷ் வந்தது. கடைக்குள் நுழையும் முன் வாசலில் அரை நிமிஷம் டான்ஸ். 'ஸ்கிப் இன்ட்ரோ' என்ற பொத்தான் ஞாபகம் இருக்கிறதா? வருகிறவர்கள் தாண்டிக் குதிப்பார்கள் என்று தெரிந்தே, காசு கொடுத்துச் செய்த ஒரே விஷயம் அதுவாகத்தான் இருக்கும். வெப்சைட்டுகளை அலசுவதையே தொழிலாகக் கொண்ட ஜேகப் நீல்ஸன், 2000-லேயே ஃப்ளாஷ் 99 சதவிகிதம் மோசம் என்று எழுதினார். 2010-ல் ஸ்டீவ் ஜாப்ஸ், ஐபோனில் அதற்கு இடமில்லை என்று பகிரங்கக் கடிதம் போட்டார். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோபி நிறுவனமே கைகழுவிவிட்டது. முழுக்க ஃப்ளாஷில் கட்டிய பக்கங்கள் இன்றைய பிரௌசரில் திறப்பதில்லை. அதே காலத்தில் வெறும் எழுத்தாகப் போட்ட பக்கங்களை இன்றைக்கும் படிக்கலாம்.

நான் பி.காம். படித்தவன். ஆகவே கொஞ்சம் காசுக் கணக்கு.

லண்டனில் 1999 நவம்பரில் பூ டாட் காம் என்று துணிக்கடை திறந்தார்கள். 'மிஸ் பூ' என்ற பொம்மைப் பெண் கூடவே வந்து பேசுவாள். துணியைச் சுழற்றிச் சுழற்றிப் பார்க்கலாம். பெரும்பாலான வீடுகளில் அப்போது இருந்ததோ டெலிபோன் லைனில் கீச்கீச்சென்று கத்தும் மோடம். மிஸ் பூ வந்து சேருவதற்குள் வாங்க வந்தவர் எழுந்து போய்விட்டார். மே 2000-ல் கடையை மூடினார்கள். கரைந்த முதலீடு சுமார் 135 மில்லியன் டாலர். பழி முழுவதையும் பொம்மை மேல் போடக்கூடாது. தாறுமாறான செலவும் உண்டு. ஆனால், வாடிக்கையாளரை வாசலிலேயே நிற்க வைத்ததில் பொம்மைக்குப் பங்கு உண்டு.

இந்தப் பக்கம் வாரன் பஃபெட் வளர்த்த பெர்க்‌ஷையர் ஹாத்வே. உலகின் மிகப் பெரிய கம்பெனிகளில் ஒன்று. அதன் முகப்புப் பக்கம் பல்லாண்டுகளாக ஒரு மளிகை லிஸ்ட் மாதிரிதான் இருந்துவருகிறது. ஆண்டறிக்கை, பங்குதாரர்களுக்குக் கடிதம் என்று வரிசையாகச் சுட்டிகள், அவ்வளவுதான். அழகு என்று சொல்லமாட்டேன். ஆனால் தேடி வந்தது பத்து செகண்டில் கிடைக்கும்.

அப்படியானால் ஆட்டமே கூடாதா? அப்படியும் இல்லை. 2012 டிசம்பரில் நியூயார்க் டைம்ஸ் 'ஸ்னோ ஃபால்' என்ற கட்டுரையை வெளியிட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் பனிச்சறுக்கப் போன மூன்று பேரைப் பனிச்சரிவு பலிகொண்ட கதை. அந்தச் சரிவு மலையிலிருந்து எப்படி இறங்கியது என்பதை அசையும் படமாகவே காட்டினார்கள். எழுதியவருக்கு அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு. அங்கே அசைவுதான் செய்தி. ஆஸ்பத்திரிப் பட்டையிலோ அசைவு செய்தியைத் தின்றது.

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. பக்கம் ஆடினால் சிலருக்குத் தலைசுற்றும். வேகமாக மினுக்கினால் வலிப்பே வரலாம். தானாக ஆரம்பித்து ஐந்து செகண்டுக்கு மேல் அசைவதை நிறுத்த ஒரு வழி வையுங்கள், ஒரு செகண்டில் மூன்று முறைக்கு மேல் மினுக்காதீர்கள் என்று இணையத்தின் தர அமைப்பு 2008-லேயே சொல்லிவிட்டது. அந்த ஆஸ்பத்திரிக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா?

சரி, படங்கள் மாறி மாறி வந்தால் கவர்ச்சிதானே என்பீர்கள். அமெரிக்காவின் நோட்டர் டேம் பல்கலைக்கழகப் பக்கத்தில் 2013-ல் எண்ணிப் பார்த்தார்கள். வந்தவர்களில் அந்த மாறும் படங்களைச் சொடுக்கியவர்கள் ஏறக்குறைய ஒரு சதவிகிதம். அந்த ஒன்றிலும் பெரும்பாலானோர் தொட்டது முதல் படத்தை. மற்ற படங்கள் யாருக்காக ஓடின? முதலாளிக்காக!

தேர் வருஷத்துக்கு ஒரு நாள் ஓடினால் திருவிழா. தினமும் ஓடினால் டிராஃபிக் ஜாம்.

நண்பருக்கு ஒரு சோதனை சொல்லிக் கொடுத்தேன். அசைவது ஒவ்வொன்றையும் மனசுக்குள் நிறுத்திப் பாருங்கள். வாங்க வருகிறவருக்கு ஏதாவது குறைகிறதா? குறைந்தால் அது இருக்கட்டும். குறையாவிட்டால் தூக்குங்கள். சுழலும் லோகோ போயிற்று. பறக்கும் பூக்கள் போயின. ஒன்றே ஒன்று மிஞ்சியது. பட்டுப் புடவையின் முந்தானையை விரித்துக் காட்டும் சின்ன வீடியோ. பட்டு எப்படி விழுகிறது என்பதை நின்ற படம் சொல்லாதே! அதுவும், அமுக்கினால்தான் ஓடும்.

கடையின் போன் நம்பர்? மேலே, பெரிய எழுத்தில், ஆடாமல் அசையாமல் நிற்கிறது. அத்தையிடம் காட்டினேன். கண்ணாடி போடாமலே படித்துவிட்டார்.