கந்தலும் கோலமும்

சப்பானின் ஒன்சூத் தீவின் வடகோடியில் உள்ள அவோமோரிப் பகுதியில் குளிரின் கடுமையால் பருத்தி விளைவதில்லை. முற்காலத்தில் அங்குள்ள உழவர் குடும்பங்கள் சணல்நார் ஆடையையே உடுத்தின. தெற்கிலிருந்து கப்பலேறி வந்த பழம்பருத்தித் துண்டுகள் அவர்க்குப் பெருஞ்செல்வம். அவுரி நீலம் தோய்ந்த அத்துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பெண்டிர் ஓட்டுத்தையல் இட்டனர். அத்தையலுக்குச் சாசிகோ என்று பெயர். தலைமுறைதோறும் ஒட்டுப்போட்டுக் காத்த துணி போரோ எனப்பட்டது. அச்சொல்லுக்குக் கந்தல் என்பதே பொருள்.

வறுமையை அழகென்று புகழ்வது எளிது. குளிரில் நடுங்கும் பிள்ளைக்குப் போர்த்தத் தைத்தவளுக்கோ அழகு இரண்டாவதுதான்.

இன்று அதே நீலத்துணியை விலைக்கு வாங்கிச் சதுரங்களாக வெட்டி, ஒட்டுப்போர்வைக்குரிய கட்டங்களை அமைப்போர் பல நாடுகளில் உள்ளனர். இம்முயற்சியைப் பழிப்பதற்கில்லை. ஆயின், அவருள் பலரிடம் குறை ஒன்று உண்டு. ஆசாநோஹா எனப்படும் சணலிலைக் கோலம், அறுகோணங்கள் ஒன்றையொன்று தொடர்ந்து படர்வதால் உயிர்பெறுவது. சணல் விரைந்தும் நேராகவும் வளரும். ஆதலின் பிள்ளையும் அவ்வாறே வளர்க என்று குழந்தையுடையில் அக்கோலத்தை இட்டனர். செய்கைஹா என்னும் அலைக்கோலத்திலும் வளைவின்மேல் வளைவாக அலைகள் அடுக்கிச் செல்லும். அக்கடலுக்குக் கரை இல்லை. இவற்றை இரண்டங்குலத் துண்டுகளாக நறுக்கிப் பல வண்ணங்களுக்கிடையே செருகினால் எஞ்சுவது யாது? சில கோணல் கோடுகளே. துணி சப்பானுடையது, கோலமோ எவருடையதும் அன்று.

கோலத்தை நடுவே முழுமையாக நிறுத்தி, அதன் கோடுகளைச் சாசிகோத் தையலால் அடுத்த கட்டத்துக்கும் கொண்டு செல்வோரே வெற்றி பெறுகின்றனர். அவர்கள் கிமோனோவின் இயல்பை அறிந்தவர்கள். கிமோனோத் துணி ஏறத்தாழ 36 செ.மீ. அகலமே உடையது. நேர்கோட்டில் வெட்டித் தைப்பதால் அதில் வீணாவது மிகக் குறைவு. தையலைப் பிரித்தால் மீண்டும் நீள்துணியாகும். இச்சிக்கனம் உணர்ந்த கை, கத்தரிக்கோலை எடுக்கச் சற்றுத் தயங்கும். அத்தயக்கம் போர்வையிலும் தெரியும்.

நாட்டாரியல் அறிஞர் தனாகா சூசபுரோ திரட்டிய போரோத் துணிகள் 2009 முதல் 2019 வரை தோக்கியோவின் அசகுசாப் பகுதியில் ஓர் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தொட்டுப் பார்க்கவும் அங்கு இசைவு இருந்தது. சுவரில் தொங்கும்போது ஓவியமெனத் தோன்றும் அத்துணி, கையில் எடுத்தால் கனக்கும்.