நகைப்பெட்டிக்குள் ஒரு துப்பாக்கி

சிம்மக்கல் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகிக்கு ஒரு சன்னதி இருக்கிறது. ஊரை எரித்தவளை ஊரே கும்பிடும் இடம். எங்கள் பக்கத்துத் தெய்வங்கள் பெரும்பாலும் ஆயுதத்தோடு நிற்பவை. கருப்பசாமிக்கு ஓங்கிய அரிவாள், காளிக்குச் சூலம், மதுரைவீரனுக்கு வாள். கண்ணகியின் கையில் இருப்பதோ சிலம்பு. நகையை ஆயுதம்போல் ஏந்திய ஒருத்தி. அண்மைக் காலத்தில் இதற்கு நேர்மாறான ஒன்று நம் நாட்டில் நடந்தது. ஆயுதத்தை நகைபோல் பெட்டியில் வைத்துப் பெண்களிடம் நீட்டினார்கள்.

2014 ஜனவரியில் கான்பூரிலுள்ள அரசுப் படைக்கலத் தொழிற்சாலை ‘நிர்பீக்’ என்ற கைத்துப்பாக்கியை வெளியிட்டது. பெண்களுக்கென்றே இந்தியாவில் செய்யப்பட்ட முதல் துப்பாக்கி என்று விளம்பரப்படுத்தப்பட்டது. .32 ரக ரிவால்வர், எடை சுமார் 500 கிராம், கைப்பையில் அடங்கும். விலை 1,22,360 ரூபாய். நகைக்கடையில் தருவதுபோன்ற அரக்கு நிறப் பெட்டியில் வைத்துத் தந்தார்கள். 2012 டிசம்பரில் டெல்லிப் பேருந்தில் சிதைக்கப்பட்டு இறந்த மாணவிக்குப் பத்திரிகைகள் வைத்த ‘நிர்பயா’ என்ற பெயரின் நிழலிலிருந்து இந்தப் பெயரை எடுத்தார்கள். இரண்டுக்கும் பொருள் ஒன்றே: அச்சமற்றவள்.

இந்தப் பொருளை ஒரு பிரதியாக வாசிக்கலாம். நகைப்பெட்டி யாருக்குப் பழக்கமானது? அதைப் பெண்ணுக்கு வாங்கித் தருபவர் அப்பா, அண்ணன், கணவன். துப்பாக்கியும் அந்த வரிசையில் ஒரு சீர்ப்பொருளாகிவிடுகிறது. விலையைப் பாருங்கள். நாளைக்கு 300 ரூபாய் கூலி வாங்குகிற பெண்ணுக்கு அது 400 நாளைக்கு மேற்பட்ட உழைப்பு. விடியுமுன் சிம்மக்கல் பக்கம் பழக்கூடை சுமந்து வருகிறவளுக்கும், ராத்திரி ஷிப்ட் முடிந்து ஷேர் ஆட்டோவுக்கு நிற்கிறவளுக்கும் இந்தத் துப்பாக்கி செய்யப்படவில்லை. ஆபத்து அதிகமுள்ள தெருவில் நடப்பவள் ஒருத்தி, ஆயுதம் வாங்க வசதியுள்ளவள் வேறொருத்தி. மணிப்பூரில் துப்பாக்கியால் கணவனையும் மகனையும் இழந்த பெண்களோடு வேலை செய்துவரும் பினலட்சுமி நேப்ராம், இந்தப் பெயரிடலே இறந்தவளின் நினைவை அவமதிப்பது என்று அப்போதே சொன்னார். துப்பாக்கிகளுக்கு நடுவே வாழ்ந்தவர் சொன்னது அது.

வாங்கிய துப்பாக்கியை எப்படிக் கொண்டுபோவது? 1959 ஆயுதச் சட்டத்தின் கீழ் வந்த 2016 விதிகள் இதற்குப் பதில் சொல்கின்றன. பொது இடத்தில் கைத்துப்பாக்கியை உடலோடு சேர்த்த உறையிலோ பையிலோதான் கொண்டுபோக வேண்டும்; அது முழுக்க மூடப்பட்டிருக்க வேண்டும்; எடுத்துச் சுழற்றிக் காட்டக் கூடாது. ஆக, நம் நாட்டில் உரிமம் உள்ளவருக்கும் மறைத்து வைப்பது மட்டுமே வழி. அமெரிக்காவில் இது மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. இடுப்பில் வெளியே தெரியும்படி அணிவதா, சட்டைக்குள் மறைப்பதா என்று அங்கே ஓயாத வாதம். தெரிந்தால் எதிரி கிட்ட வரமாட்டான் என்பது ஒரு தரப்பு. தெரிந்தால் முதலில் உன்னைத்தான் சுடுவான், அல்லது பிடுங்கிக்கொள்வான். யாரிடம் இருக்கிறது என்று தெரியாதபோதுதான் எல்லோரையும் பார்த்துப் பயப்படுவான் என்பது மறு தரப்பு.

இரண்டு தரப்பும் சொல்லாமல் விடுவது ஒன்றுண்டு: ஆயுதம் யார் கையில் தெரிகிறது என்பது. 1967இல் கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைக் கட்சியின் கறுப்பு இளைஞர்கள் சட்டம் அனுமதித்தபடியே துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி, போலீஸ் ரோந்தைக் கண்காணித்தார்கள். அந்த ஆண்டே குண்டு நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்துவதைத் தடைசெய்து சட்டம் வந்துவிட்டது. 2016இல் மினசோட்டாவில் பிலாண்டோ கஸ்டில் என்ற கறுப்பர், காரை மறித்த போலீஸ்காரரிடம் தன்னிடம் துப்பாக்கி இருப்பதை மரியாதையாகத்தான் தெரிவித்தார். மறைத்து வைத்துக்கொள்ள உரிமம் பெற்றவர் அவர். சொன்ன சில நொடிகளில் சுட்டுக் கொல்லப்பட்டார். காட்டினாலும் குற்றம், மறைத்தாலும் குற்றம் என்றாகிற உடல்கள் இருக்கின்றன. பெண்ணுடலையும் சாதியால் தாழ்த்தப்பட்ட உடலையும் அறிந்த நமக்கு இது புதிதல்ல.

நம் ஊரில் ஆயுதம் தெரியும்படி நிற்பது யாருக்காக? பிறந்தநாள் கேக்கைப் பட்டாக்கத்தியால் வெட்டிப் படம் போட்டு வழக்கு வாங்குகிற பையன்களைச் செய்திகளில் பார்க்கிறோம். குருபூசை, காதுகுத்து பிளெக்ஸ்களில் மீசையும் அரிவாளும் சேர்ந்தே வருகின்றன. கல்யாண ஊர்வலங்களில் கொண்டாட்டமாகச் சுடுவதைத் தண்டிக்க 2019இல் ஆயுதச் சட்டத்தையே திருத்த வேண்டியிருந்தது. இந்தக் காட்சி தற்காப்பு அல்ல. இந்தத் தெரு யாருடையது என்ற அறிவிப்பு. அதனால் ஆயுதத்தை மூடி வை என்கிற சட்டத்தின் பக்கமே நான் நிற்கிறேன். காட்டுகிற உரிமை வந்தால் அது முதலில் யார் இடுப்பில் ஏறும் என்று நமக்குத் தெரியும்.

ஆனால் மறைத்தல் பெண்ணுக்கு என்ன தருகிறது? சிவகங்கைப் பக்கம் சொல்லப்படும் குயிலியின் கதையை எடுத்துக்கொள்வோம். விஜயதசமியன்று பூசைக்குப் போகிற பெண்களாக, பூக்கூடையிலும் பழக்கூடையிலும் ஆயுதங்களை ஒளித்துக்கொண்டு கோட்டைக்குள் நுழைகிறார்கள். குயிலி உடலில் எண்ணெய் ஊற்றித் தீவைத்துக்கொண்டு கம்பெனியின் ஆயுதக் கிடங்கில் குதிக்கிறாள். வாய்மொழியாக வளர்ந்த கதை இது. வேலுநாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டது வரலாறு. கதையில் ராணியின் வாள் வெளியே தெரிகிறது; இன்று தலித் பெண்ணாக நினைவுகூரப்படுகிற குயிலியின் ஆயுதமோ பூவுக்குள் இருக்கிறது. கடைசியில் அவள் உடலே ஆயுதமாகி எரிகிறது. பூக்கூடையை யாரும் சோதிக்கமாட்டார்கள் என்ற துணிவு எதிலிருந்து வந்தது? பெண்களைப் பொருட்படுத்தாத கண்களிலிருந்து. மறைத்தலின் வலிமை, நம்மை அற்பமாக நினைப்பதை முதலாக்கிக்கொள்வது. அதன் எல்லையும் அதுவே. ஒருமுறை வெல்லலாம், அந்தக் கண்களை மாற்ற முடியாது.

இனிச் சிலம்புக்கு வருவோம். மதுரைக் காண்டத்தில் இரண்டு சிலம்புகள் நடமாடுகின்றன. ஒன்றைக் கோவலன் பொதிந்து கொண்டுவருகிறான். பொற்கொல்லன் முன்னால் அவிழ்த்துக் காட்டுகிறான். மறைவாக வந்த அந்தச் சிலம்பு திருட்டுப் பொருளென்று ஆகிவிடுகிறது, விசாரணை இல்லாமல் கொல்லப்படுகிறான். மற்றதைக் கண்ணகி எல்லோரும் பார்க்கக் கையில் ஏந்தித் தெருவில் நடக்கிறாள். வாயிற்காவலன் அரசனிடம் அவளை அறிவிக்கும் இடம் கவனிக்கத் தக்கது. கொற்றவை, காளி, தாருகன் மார்பைப் பிளந்தவள் என்று ஆயுதமேந்திய தெய்வங்களை அடுக்கி, அவர்களில் ஒருத்தியல்ல என்கிறான். பிறகு, கணவனை இழந்தவள், ஒற்றைச் சிலம்போடு வந்திருக்கிறாள் என்கிறான். தெய்வங்களின் ஆயுதம் அவனுக்குப் பழக்கம். சாட்சியத்தோடு வந்த பெண் பழக்கமில்லை. சிலம்புக்குள் முத்தா, மாணிக்கமா என்பதில்தான் வழக்கு முடிகிறது. அவள் அதை உடைத்துத் திறக்கிறாள்.

அத்தோடு காப்பியம் நின்றிருந்தால் நமக்கு வசதி. நிற்கவில்லை. முலையைத் திருகி எறிகிறாள், ஊர் எரிகிறது. முதியோர், குழந்தைகள் போன்றோரை விட்டுவிட்டுத் தீயவரை மட்டும் சேரும்படி நெருப்புக்குச் சொல்கிறாள். அப்படிப் பிரித்துப் பார்த்து எரிகிற நெருப்பு காப்பியத்தில்தான் உண்டு. அதற்குப் பின் கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்காக 1000 பொற்கொல்லர்களைப் பலியிடுகிறான். ஒருவன் செய்த வஞ்சகத்துக்கு ஒரு தொழிற்குலமே கழுத்தைக் கொடுக்கிறது. பெண்ணின் பெயரால் தூக்கப்படும் ஆயுதம் எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட எச்சரிக்கை வேண்டாம். நிர்பயா பெயரில் துப்பாக்கி என்றதும் எனக்கு இந்தப் பலிதான் நினைவுக்கு வந்தது.

கடைசியாண்டு மாணவிகளோடு இந்தப் பகுதியைப் படித்த நாளில், உங்கள் பையில் என்ன ஆயுதம் என்று கேட்டேன். ஊக்கு, காம்பஸ், பெப்பர் ஸ்பிரே என்று பட்டியல் வந்தது. டவுன் பஸ்ஸில் வருகிற ஒருத்தி சொன்னாள்: “ஊக்கு இருக்குன்னு தெரிஞ்சா அவன் பக்கத்துலயே வரமாட்டான் மேம். தெரியாததாலதான் குத்த வேண்டியிருக்கு.” அமெரிக்க வாதம் முழுவதும் இரண்டு வரியில் முடிந்துவிட்டது. வகுப்பு சிரித்தது. வீட்டில் சொன்னாயா என்று கேட்டேன். சிரிப்பு நின்றது. “சொன்னா காலேஜ நிறுத்திருவாங்க மேம்.”

அவள் மறைத்துக்கொண்டு போவது ஊக்கை அல்ல, தனக்கு நடந்ததை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் சொல்வதுபோல், வன்புணர்வு வழக்குகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பெண்ணுக்குத் தெரிந்தவரே. பெண்களுக்கு எதிரான குற்றங்களில் கணவனும் அவன் உறவினரும் செய்யும் கொடுமையே முதலிடத்தில் இருக்கிறது. அந்த வீட்டில் நகைப்பெட்டியின் சாவி யாரிடம் இருக்கும்?

ஆகவே எதை மூடுவது, எதைத் திறப்பது என்பதை நாம் வேறாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஆயுதத்தை மூடி வைக்கட்டும். புகார் செய்தவளின் பெயரையும் மூடி வைக்கலாம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டம் அதைத்தான் சொல்கிறது. அந்த மறைவு அவளுக்குக் காப்பு. ஆனால் புகாரையே மூடச் சொல்வது வேறு. அது குற்றவாளிக்குக் காப்பு. டெல்லி மாணவியின் தாய் 2015 டிசம்பரில், மூன்றாம் ஆண்டு நினைவுக் கூட்டத்தில், மகளின் உண்மைப் பெயரைத் தானே சொன்னார். வெட்கப்பட வேண்டியவர்கள் குற்றம் செய்தவர்கள்தான் என்றார். துப்பாக்கிக்குச் சூட்டிய புனைபெயர் செய்யாததை அந்தத் தாய் செய்தார். சிலம்பைக் கையில் ஏந்தி நடந்தது அதுதான்.

என் மாணவி ஊக்கை இன்னும் வைத்திருக்கிறாள். வைத்திருக்கட்டும், பஸ் மாறவில்லை. கல்லூரிப் புகார்க் குழுவிலுள்ள பெண்களின் பெயரையும் எண்ணையும் வகுப்பறைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறோம். எல்லோருக்கும் தெரியும்படி.