‘எப்படியோ’ என்ற சொல்

கதை எழுதுகிறவர்களுக்குச் சில சொற்கள் பேருதவி செய்கின்றன. ‘எப்படியோ’ என்பது அவற்றில் ஒன்று. கதாநாயகன் கையில் காசில்லை; ஆனால் அடுத்த அத்தியாயத்தில் அவன் டில்லியில் இருந்தாக வேண்டும். ‘எப்படியோ டில்லி போய்ச் சேர்ந்தான்’ என்று எழுதிவிட்டால், டிக்கெட் வாங்கிக் கொடுக்கிற வேலை நமக்கு மிச்சம். வாசகர்களும் பெருந்தன்மையோடு விட்டுவிடுகிறார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வாரப் பத்திரிகையில் நான் எழுதிய தொடர்கதையிலும் இந்தச் சொல் வந்தது. கதாநாயகியின் அக்காள் மாடிப்படியில் வழுக்கி விழுகிறாள். ஏழாம் மாதத்திலேயே பிரசவம். தாய் போய்விடுகிறாள். ‘குழந்தை எப்படியோ பிழைத்துக்கொண்டது.’ அடுத்த வாரம் அந்தக் குழந்தைக்கு ஐந்து வயது. வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள்.

அந்த இதழ் வெளிவந்த பிறகு ஒரு வாசகியிடமிருந்து கார்டு வந்தது. கதையை அவர் புகழவும் இல்லை, பழிக்கவும் இல்லை. ஏழாம் மாதத்துக் குழந்தைக்கு என்ன கொடுத்தார்கள், எப்படி வைத்துக்கொண்டார்கள் என்று எழுதியிருக்கலாமே என்று கேட்டிருந்தார். கடைசியில் ஒரு வரி: தமக்கும் அப்படி ஒன்று பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டதாம். நான் பதில் போடவில்லை. பதில் தெரியாததுதான் காரணம் என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கேள்வியே கதைக்குச் சம்பந்தமில்லாதது என்று அப்போது நினைத்தேன் என்பதுதான் உண்மை.

சம்பந்தம் உண்டா, இல்லையா என்பதைத்தான் இங்கே பார்க்க நினைக்கிறேன்.

பெரியவர்களும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள் என்று ஆறுதல் கொள்ள இடமிருக்கிறது. ஷேக்ஸ்பியரின் மூன்றாம் ரிச்சர்டு, காலத்துக்கு முன்னால் அரைகுறையாக உலகத்துக்கு அனுப்பப்பட்டவன் என்று தன்னைப் பற்றியே குறைப்பட்டுக்கொள்கிறான். அவனுடைய கொடுமைக்கு அது ஒரு முகாந்திரம். ‘மாக்பெத்’தில் மாக்டஃப் காலத்துக்கு முன்பே தாயின் வயிற்றைக் கிழித்து எடுக்கப்பட்டவன். சூனியக்காரிகளின் விடுகதையை அவிழ்க்க அது பயன்படுகிறது. நம் தொடர்கதைகளிலோ, கல்யாணத் தேதியையும் பிறந்த தேதியையும் வைத்துக்கொண்டு ஊர்ப் பெண்கள் விரல் விட்டு எண்ணுவதற்கே குறைமாதக் குழந்தை பிறக்கிறது. எல்லா இடத்திலும் அது ஒரு சௌகரியம். குழந்தையாக அதை யாரும் தொட்டுப் பார்ப்பதில்லை.

எமிலி பிராண்டேயின் ‘வுதரிங் ஹைட்ஸ்’ 1847-ல் வெளிவந்த நாவல். ஹீத்கிளிஃபின் ஆவேசத்துக்காக அதை நான் மூன்று முறை படித்திருக்கிறேன். நாலாவது முறை படித்தது ஆஸ்பத்திரி பெஞ்சில். கதையின் கணக்குப்படி 1784 மார்ச் 20-ஆம் தேதி நள்ளிரவில் காதரினுக்கு ஏழு மாதத்து நோஞ்சான் பெண் பிறக்கிறது. இரண்டு மணி நேரத்தில் தாய் இறக்கிறாள். கதை சொல்லும் வேலைக்காரி நெல்லி டீன், அந்த முதல் சில மணி நேரம் குழந்தையை யாரும் கவனிக்கவில்லை என்று ஒப்புக்கொள்கிறாள். பிற்பாடு அந்தக் குறையை ஈடு செய்துவிட்டதாக அரை வாக்கியத்தில் சொல்கிறாள். பிறகு ஹீத்கிளிஃபின் துக்கம் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போகிறது. குழந்தையை மறுபடி பார்க்கும்போது, தளர்நடை போடுவதற்கு முன்பே அது தகப்பன் மனத்தை ஆண்டுகொண்டிருக்கிறது.

இதே நெல்லி, முன்னால் ஹேர்ட்டன் என்ற குழந்தையையும் வளர்த்தவள். அவனுக்குப் பாலும் சர்க்கரையும் கொடுத்து இரவு பகலாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற விவரம் அங்கே வருகிறது. அவனோ திடமாகப் பிறந்த பிள்ளை. பாலைச் சப்பி விழுங்கவே பலம் போதாத ஏழு மாதத்துப் பெண்ணுக்கு என்ன கொடுத்தாள், எப்படிக் கொடுத்தாள், வடக்கு இங்கிலாந்தின் மார்ச் மாதக் குளிரில் எதில் பொதிந்து வைத்தாள் என்று ஒரு வார்த்தை இல்லை. அந்த அரை வாக்கியத்துக்குள் ஒரு முழு நாவல் அமுங்கிக் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றியது. பிராண்டேயின் மேதைமையில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அங்கே அவரும் ‘எப்படியோ’ என்றுதான் எழுதியிருக்கிறார்.

வியாசர் அப்படித் தாண்டிப் போகவில்லை. ஆதிபர்வத்தில் கத்ருவின் ஆயிரம் முட்டைகளையும் விநதையின் இரண்டு முட்டைகளையும் பணிப்பெண்கள் வெதுவெதுப்பான பாண்டங்களில் வைக்கிறார்கள். ஐந்நூறு வருஷம் கழித்துக் கத்ருவின் குஞ்சுகள் வெளிவருகின்றன. பொறுக்கமாட்டாமல் விநதை தன் முட்டை ஒன்றை உடைத்துவிடுகிறாள். உள்ளே மேல் பாதி மட்டும் உருவான அருணன். நம் முன்னோர் அன்றே இன்குபேட்டர் கண்டுபிடித்தார்கள் என்று மார்தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் 1880-ஐ ஒட்டிப் பாரிஸ் நகரத்து டாக்டர் டார்னியே, கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியைப் பார்த்துத்தான் குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு பெட்டி செய்யச் சொன்னார் என்பது சரித்திரம். உரிய காலம் வருமுன் வந்துவிட்ட உயிருக்கு முதலில் வேண்டியது சூடு என்பதைக் கவியும் பார்த்திருக்கிறார், வைத்தியரும் பார்த்திருக்கிறார். அருணனுக்குக் கடைசியில் கிடைத்த உத்தியோகமும் சூரியனுக்கு முன்னால் உட்காருவதுதான்!

வியாசரோடு எனக்கு ஒரே ஒரு வழக்கு உண்டு. அருணன் தன் தாயைச் சபிக்கிறான். அவசரப்பட்ட குற்றத்துக்காக அவள் ஐந்நூறு வருஷம் அடிமையாக இருக்க வேண்டுமாம்.

அந்தச் சாபத்தை நான் நேரில் பார்த்தேன். என் பெண்ணுக்கு முப்பதாவது வாரத்தில் குழந்தை பிறந்தது. எடை 1,240 கிராம். “பஸ்ஸில் போனேனே, அதனாலயாப்பா? மாடி ஏறினேனே, அதனாலயா?” என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பெரும்பாலும் காரணம் இன்னதென்று சொல்லவே முடிவதில்லை என்று டாக்டர் சொன்னார். அவள் காதில் ஏறவில்லை. நானோ என் கதையில் அந்த அக்காளை மாடிப்படியில் வழுக்கி விழவைத்து, காரணத்தையும் கையோடு கொடுத்திருந்தேன்.

குழந்தை இருந்த அறைக்குள் எனக்கு அனுமதி இல்லை. வெளியே பெஞ்சில் இருந்த எனக்கு நாள் ஒன்றுக்கு ஓர் எண் கிடைக்கும். முதலில் எடை இறங்கியது. ஐந்தாம் நாள் 1,130. பதினான்காம் நாள்தான் பிறந்த எடைக்குத் திரும்பியது. பிறகு ஒரு நாள் பதினைந்து கிராம் ஏற்றம், ஒரு நாள் இருபது, ஒரு நாள் ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கு ஒரு தடவை, மெல்லிய குழாய் வழியாக இரண்டு மில்லி தாய்ப்பால். குழந்தை சில சமயம் மூச்சு விட மறந்துவிடும், யந்திரம் அலறும், நர்ஸ் உள்ளங்காலைச் சுண்டி ஞாபகப்படுத்துவாள். இதற்கு மருந்தாகக் கொடுத்தது, காப்பியில் இருக்கிற அதே காஃபீன். எங்கள் வம்சத்துக்குப் பொருத்தமான மருந்து என்று என் மனைவி சொன்னபோது, பத்து நாளில் முதல் தடவையாக எல்லோரும் சிரித்தோம்.

அப்புறம் மாப்பிள்ளையைச் சட்டையைக் கழற்றச் சொல்லி, சாய்வு நாற்காலியில் உட்காரவைத்து, குழந்தையை அவர் மார்போடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள். கங்காரு முறை என்று பெயர். இன்குபேட்டர்கள் போதாமல் தவித்த கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரத்தில், 1978-ல் டாக்டர் எட்கர் ரே தொடங்கியது. குழந்தை பிறந்தவுடனேயே இதை ஆரம்பித்துவிடலாம் என்று 2022-ல் உலக சுகாதார நிறுவனமும் சொல்லிவிட்டது. சுருக்கெழுத்துப் போலச் சுருக்கமாகப் பேசும் அந்த மனிதர், இரண்டு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு வெளியே வந்து, “மாமா, அதுக்கு நகம் இருக்கு” என்றார். நான் இத்தனை வருஷம் எழுதிய வசனங்களில் இதற்கு ஈடாக ஒன்றைத் தேடிப் பார்த்தேன். இல்லை.

குழாய் போய்ப் பாலாடை வந்தது. நம் பாட்டிமார் வைத்திருந்த அதே பாலாடைதான். பாலாடை போய்த் தாய்மடி வந்தது. கண் பரிசோதனை முடிந்து, நாற்பத்துமூன்றாம் நாள் 1,860 கிராமோடு வீடு வந்தோம். கதையானால் இங்கே ஆரத்தி எடுத்து முற்றும் போடலாம். ஆனால் அன்று இரவுதான் எங்களுக்கு நிஜமான பயம் பிடித்தது. ஆஸ்பத்திரியில் யந்திரம் அலறினால் பயந்தோம். வீட்டில் அலற யந்திரமே இல்லையே என்று பயந்தோம். விடியும்வரை என் பெண், குழந்தையின் மூக்கருகில் புறங்கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

‘நாவல் என்ன, வைத்திய நூலா?’ என்று நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லைதான். எல்லாக் கதையிலும் மில்லிக் கணக்கு எழுத வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் நாம் தாண்டிப் போகிற இடம் எது, ஏன் தாண்டுகிறோம் என்பதாவது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒருவன் டில்லிக்குப் போனதைத் தாண்டினால் ஒன்றும் குறைந்துவிடாது. சாவை அரை அத்தியாயம் எழுதுகிற நாம், பிழைப்பதை ஒரு சொல்லில் முடிக்கிறோம். சாவில் சம்பவம் இருக்கிறது. பிழைப்பதில் ஒரு நாளைக்குப் பதினைந்து கிராம்தான் இருக்கிறது. அது கதைக்கு உதவாது என்று நாமாகத் தீர்மானித்துவிட்டோம். அந்த நாற்பத்துமூன்று நாளும் அந்த எண்ணைக் கேட்க நான் காத்திருந்ததைப் போல, எந்தத் தொடர்கதையின் அடுத்த இதழுக்கும் காத்திருந்ததில்லை.

அந்தப் பழைய நாவல் இப்போது மறுபதிப்பு வருகிறது. ‘எப்படியோ’வை அடித்துவிட்டு இரண்டு பக்கம் சேர்த்திருக்கிறேன். மாடிப்படியையும் எடுத்துவிட்டேன். கதையின் வேகம் அங்கே குறைகிறது என்று பதிப்பாளர் அபிப்பிராயப்படுகிறார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

கார்டு எழுதிய அம்மாளின் விலாசம் என்னிடம் இல்லை. அன்றே தொலைத்துவிட்டேன்.