கண்டெடுத்தலும் கண்டடைதலும்: டோனி மாரிசனின் ‘பாரடைஸ்’ புதினத்தில் குருதி சாராப் பெண் மரபு

ஆய்வுச் சுருக்கம்

டோனி மாரிசனின் ‘பாரடைஸ்’ புதினத்தில் குருதி உறவற்ற பெண்கள் ஒரே வீட்டில் கூடி வாழ்கின்றனர். இவர்களின் கூட்டுவாழ்வை அன்பின் இயல்பான விளைவாகக் காணும் வாசிப்பு போதாது என்பதும், மூத்த பெண்ணிடமிருந்து இளைய பெண்ணுக்குக் கைமாறும் தொழிலறிவே இக்குடும்பத்தின் முதுகெலும்பு என்பதும் இக்கட்டுரையின் துணிபு. அவ்வகையில், திறனாய்வில் போதிய கவனம் பெறாத லோன் டூப்ரே என்னும் மருத்துவச்சிப் பாத்திரம் மையமாகக் கொள்ளப்படுகிறது.

திறவுச் சொற்கள்: டோனி மாரிசன், கண்டடைந்த குடும்பம், செவிலி, மருத்துவச்சி, குடிவழி, தலைமுறை.

முன்னுரை

1993ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றபின் டோனி மாரிசன் வெளியிட்ட முதற் புதினம் ‘பாரடைஸ்’ (1997). ‘பிலவட்’ (1987), ‘ஜாஸ்’ (1992) ஆகியவற்றோடு சேர்ந்து முத்தொகுதியாகக் கருதப்படும் இப்படைப்பு, ஓக்லஹோமா மாநிலத்துக் கருப்பின மக்கள் தமக்கெனவே அமைத்துக்கொண்ட ரூபி என்னும் சிற்றூரையும், அங்கிருந்து பதினேழு மைல் தொலைவில் ‘கான்வென்ட்’ என ஊரார் அழைக்கும் பாழ்பட்ட மாளிகையையும் எதிரெதிரே நிறுத்துகிறது. 1976ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஒரு விடியலில் ரூபியின் ஆடவர் ஒன்பதின்மர் ஆயுதங்களுடன் அம்மாளிகைக்குள் புகுந்து அங்குள்ள பெண்களைச் சுடுகின்றனர். புதினம் இக்கொலையிலேயே தொடங்குகிறது. முதலிற் சுடப்பட்டவள் வெள்ளையினப் பெண் என்று கூறும் ஆசிரியர், அவள் யார் என்பதை இறுதிவரை வெளிப்படுத்துவதில்லை.

ரூபியை ஆணாதிக்கத்தின் குறியீடாகவும் மாளிகையைப் பெண்ணுறவின் புகலிடமாகவும் கொண்டு இப்புதினத்தை வாசிப்பது எளிது; அவ்வாறே அது பெரும்பாலும் வாசிக்கப்படுகிறது. ஆயின் இவ்வாசிப்பு இரண்டு வினாக்களைத் தவிர்த்துவிடுகிறது. மாளிகைப் பெண்கள் ஒரு குடும்பமாக ஆனது எப்போது? எதனால்? இவற்றுக்குப் பனுவல் தரும் விடை, புகலிடம் என்னும் இதமான சொல்லுக்குள் அடங்குவதன்று.

மாளிகையின் முன்கதை

அம்மாளிகை மோசடி செய்து பொருள் சேர்த்த ஒருவனின் கேளிக்கை இல்லமாக எழுந்தது. பின்னர்க் கத்தோலிக்கத் துறவியரின் கைக்கு வந்து, அமெரிக்கத் தொல்குடிச் சிறுமியருக்கான உறைவிடப் பள்ளியாயிற்று. சிறுமியர் தம் மொழியையும் வழிபாட்டையும் மறக்கவே அங்குப் பயிற்றப்பட்டனர். குருதி உறவற்ற பெண்கள் ஒரு கூரையின்கீழ் வாழ்ந்த முதல் முயற்சி அம்மண்ணில் வன்முறையாகவே நிகழ்ந்தது என்பதை மாரிசன் மறைப்பதில்லை.

கான்சலாட்டாவின் வரவும் அத்தகையதே. 1925ஆம் ஆண்டில் பிரேசில் நாட்டு நகரமொன்றின் தெருக்குப்பையிடையே திரிந்த ஒன்பது வயதுச் சிறுமியை மேரி மேக்னா என்னும் துறவி தூக்கிவருகிறார். அது மீட்பா, கடத்தலா எனப் பிரித்துரைக்க இயலாத செயல். அத்துறவியை அன்னையாக ஏற்று, பள்ளி மூடப்பட்ட பின்பும் உடனிருந்து, அவர் நோயுற்றுக் கிடக்கையில் தன் நம்பிக்கை தடுக்கும் ஆற்றலைப் பயன்படுத்தியேனும் அவர் உயிரைப் பிடித்துவைக்கிறாள் கான்சலாட்டா. அன்பு மெய், அதன் தொடக்கத்திலுள்ள கவர்தலும் மெய். ‘கண்டெடுத்தல்’ என்பதற்கும் ‘கண்டடைதல்’ என்பதற்கும் தமிழில் உள்ள வேறுபாடு இவ்விடத்திற்குப் பெரிதும் பொருந்துகிறது. கண்டெடுக்கப்பட்ட பொருளுக்குத் தேர்வுரிமை இல்லை. கண்டடைபவருக்குத் தேடல் உண்டு. கண்டெடுக்கப்பட்ட ஒருத்தி, தேடலின்றி வழிதவறி வந்து சேர்ந்தோரைக் கண்டடைந்தோராக மாற்றுவதே இப்புதினத்தின் உள்ளியக்கம்.

கூடி இருத்தலும் குடும்பமாதலும்

மேவிஸ் 1968இல் வருகிறாள். மூடிய காருக்குள் விட்டுச்சென்ற இரட்டைக் குழந்தைகள் மூச்சுமுட்டி இறந்தபின், கணவனுக்கும் எஞ்சிய பிள்ளைகளுக்கும் அஞ்சி, அதே காரில் தப்பியோடுபவள் அவள். எரிபொருள் தீர்ந்துபோன நிலையில் நடந்துவந்து சேர்பவளிடம் கான்சலாட்டா கதை எதுவும் கேட்பதில்லை. பெக்கான் கொட்டைகளை முன்னே வைத்து ஓடு நீக்கச் சொல்கிறாள். வேலை நடக்கும்போது மேவிஸின் கைகளைப் பாராட்டுகிறாள். தாய்மையில் தோற்றவள் என ஊர் தூற்றிய ஒருத்தியின் கைகள் இங்கே திறனுடைய கைகளாக முதன்முறை பார்க்கப்படுகின்றன. புதினத்தின் மிகச் சிறந்த பக்கங்களுள் இவற்றை வைப்பேன். ஆறுதல் மொழி ஒன்றுகூட இல்லாமல் ஆறுதல் நிகழ்ந்துவிடுகிறது.

மேரி மேக்னா இறந்த நாளில், சடலத்தை எடுத்துச்செல்ல வந்த வண்டியிலேயே ஜிஜி வந்திறங்குகிறாள். மூத்த தலைமுறை நீங்கும் வாயில்வழியே இளைய தலைமுறை நுழைவதைக் கதைநிகழ்வாகவே ஆசிரியர் அமைத்துள்ளார். பின்னர்ச் செனகா; இறுதியாகப் பதின்பருவத்துப் பாலஸ், கருவுற்ற நிலையில். ஆயினும் இவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரு குடும்பமாக இல்லை. மேவிஸும் ஜிஜியும் அடித்துக்கொள்கின்றனர். செனகா எல்லாரையும் சமாதானப்படுத்தி, எவருமறியாமல் தன் தோலைக் கீறிக்கொள்கிறாள். அன்னையை இழந்த கான்சலாட்டா நிலவறையில் மதுவில் மூழ்கி, மேலே நடமாடும் பெண்களை ஒருவரிலிருந்து ஒருவர் பிரித்தறியவும் விருப்பற்றிருக்கிறாள். உணவு உண்டு, படுக்கை உண்டு, எவரும் துரத்தப்படுவதில்லை, அவ்வளவே. துன்புற்ற பெண்கள் ஒன்றுகூடினாலே உறவு முளைத்துவிடும் என்ற நம்பிக்கையை இப்பகுதி முற்றாக மறுக்கிறது.

மாற்றம் கட்டளையாக வருகிறது. ஒருநாள் நிலவறையிலிருந்து மேலேறிவரும் கான்சலாட்டா உணவு சமைத்து, தன்னோடு இருப்போர் தான் சொல்வதைச் செய்யவேண்டும் என்றும், விருப்பமில்லாதோர் போகலாம் என்றும் அறிவிக்கிறாள். எவரும் போவதில்லை. நிலவறைத் தரையில் அவர்களைக் கிடத்தி உடல்களின் வரைகோட்டை வரைகிறாள். ஒருத்தியின் துயரத்தை மற்றவர்கள் தம் நாவால் உரக்கப் பேசும் கனவுப்பயிற்சி தொடர்கிறது. இப்போது செனகா கீறல்களைத் தன் தோலின்மேல் இடாமல் தரையிலுள்ள ஓவிய உடலின்மேல் இடுகிறாள். கான்சலாட்டாவின் நிலை இங்குத் தாயினுடையதன்று, தோழியினுடையதும் அன்று, கற்பிப்பவளின் நிலை. சமத்துவமான சகோதரியம் என்னும் சொல் இவ்விடத்திற்குப் பொருந்தாது. மூத்தவளின் அதிகாரம், இளையோரின் இசைவு, தொடர்ந்த பயிற்சி ஆகிய மூன்றும் கூடியே குடும்பம் உருவாகிறது.

குறை ஒன்றும் சுட்டத்தக்கது. ஆண்டுக்கணக்கான குழப்பத்தை அத்தனை பொறுமையுடன் விரித்த மாரிசன், இம்மாற்றத்தைச் சில பக்கங்களில் கடந்துவிடுகிறார். குணமடைந்தபின் நால்வரின் தனிக்குரல்களும் மங்கி ஒரே குரலாகிவிடுகின்றன. சண்டையிட்டபோது இருந்த மேவிஸும் ஜிஜியும் நமக்கு நன்கு தெரிந்தவர்கள். அமைதியுற்ற பெண்கள் அவ்வளவு தெரிந்தவர்கள் அல்லர்.

லோன் டூப்ரே: எழுதப்படாத குடிவழி

கான்சலாட்டா இவ்வாற்றலை எங்குக் கற்றாள் என்ற வினாவே நம்மை லோனிடம் கொண்டுசேர்க்கிறது. 1890இல் ரூபி மக்களின் முன்னோர் புதிய ஊர் தேடி நடந்துவந்த வழியில், தாய் இறந்துகிடந்த குடிசையிலிருந்து ஃபேரி டூப்ரே என்னும் பெண் தூக்கிவந்த குழந்தை லோன். ஃபேரியிடம் மகப்பேறு பார்க்கும் தொழிலைக் கற்று, பல்லாண்டுகள் ஊர்க் குழந்தைகளைத் தன் கையில் ஏந்தியவள். பெண்கள் தொலைவிலுள்ள மருத்துவமனையை நாடத் தொடங்கியபின் வேலையற்றுப்போன, எண்பதைக் கடந்த முதியவள். கான்சலாட்டாவிடமுள்ள ஆற்றலை இனங்கண்டு, அவள் அஞ்சியபோதும் வற்புறுத்திப் பயிற்றியவள் இவளே. விபத்தில் உயிர் போகும் நிலையிலிருந்த சோன் மார்கனின் மகனைக் கான்சலாட்டா மீட்பது லோனின் தூண்டுதலால்தான். அச்சோன், தன் கணவன் டீக்கனோடு கான்சலாட்டா கொண்ட உறவை அறிந்து முன்பு அவளைத் தேடிவந்தவள். அவ்விருவரையும் இம்மீட்பு வாழ்நாள் தோழியர் ஆக்கிவிடுகிறது.

ஃபேரி, லோன், கான்சலாட்டா, இளைய நால்வர் என ஒரு வரிசை இங்கே புலனாகிறது. இவர்களுள் எவரும் எவருக்கும் குருதி உறவினர் அல்லர். மாளிகையின் கண்டடைந்த குடும்பம் ரூபிக்கு வெளியே ரூபிக்கு எதிராகத் தோன்றிய புதுமையன்று. ரூபியின் தொடக்கப் பயணத்திலேயே வேர்விட்ட மரபின் கிளை அது. தன் வேரையே ஊர் சுட்டு வீழ்த்துகிறது என்பதில்தான் புதினத்தின் அவலம் முழுமை பெறுகிறது.

இதற்கு மறுதலையாக நிற்பவள் ஆசிரியை பட்ரிஷியா. ஊர்க்குடும்பங்களின் குடிவழிப் பட்டியலைப் பல்லாண்டுகள் தொகுக்கும் அவள், கருமை குன்றாத தூய குருதியே ஊரின் எழுதப்படாத சட்டம் என்பதையும், வெளிர்நிறத் தாய்க்குப் பிறந்த தான் அதனால் விலக்கப்பட்டவள் என்பதையும் உணர்ந்து அனைத்தையும் தீயிலிடுகிறாள். குருதிவழி ஏடுகளில் எழுதப்பட்டு எரிந்துபோகிறது. கைத்திறன்வழியோ எங்கும் எழுதப்படாமல் கைகளிலேயே தொடர்கிறது. பட்ரிஷியாவின் மகள் பில்லி டீலியா தாயோடு பிணங்கிய காலத்தில் தங்கியதும், பின்னர்ப் பாலஸைக் கொண்டுவந்து சேர்த்ததும் அம்மாளிகையில்தான். ரூபிக்கும் மாளிகைக்கும் இடைப்பட்ட சாலையில் ஆடவர் வண்டியிற் செல்கின்றனர். பெண்களோ துயர் மிகும்போது நடந்தே செல்கின்றனர். இவ்வேறுபாட்டைப் புதினமே எடுத்துரைக்கிறது.

அக இலக்கியப் பயிற்சியுடையோர்க்கு இங்குச் ‘செவிலி’ என்னும் சொல் நினைவில் எழும். பெற்ற நற்றாயின் வேறாக வளர்த்த தாயை நிறுத்தி, தோழியைச் செவிலியின் மகளாக வரையறுத்தது தொல்காப்பியம். ஈன்ற உறவின் அருகிலேயே வளர்த்த உறவுக்கும் இலக்கணத் தகுதி அளித்த மரபு நம்முடையது. ஆயினும் ஒப்புமையை நீட்டுதல் தகாது. செவிலி, தலைவி பிறந்த குடிக்கும் அதன் பெருமைக்கும் கட்டுப்பட்டவள். லோனும் கான்சலாட்டாவும் எக்குடியின் பெருமையையும் காப்பவர் அல்லர். குடிப்பெருமை காக்கத் துப்பாக்கி ஏந்தியவர்களே அவர்கள் எதிரே நிற்கின்றனர். அடுப்படியருகே கூடி ஆடவர் தீட்டும் திட்டத்தை மறைந்திருந்து கேட்டு, மாளிகைப் பெண்களை எச்சரிக்க விரைபவள் லோன்தான். அவர்கள் அவள் சொல்லை நம்பவில்லை.

குருதி உறவு நோக்கித் திரும்புதல்

தாக்குதலுக்குப்பின் உடல்கள் காணப்படவில்லை. மாண்டனரா, தப்பினரா என்பதைப் புதினம் தெளிவாக்குவதில்லை. இறுதி அத்தியாயத்தில் நால்வரும் தத்தம் குருதி உறவினர்முன் தோன்றுகின்றனர்: சிறைப்பட்ட தந்தைமுன் ஜிஜி, தாய் வீட்டில் குழந்தையோடும் வாளோடும் பாலஸ், உணவகத்தில் மகளெதிரே மேவிஸ். இம்மறுதோற்றத்தை உயிர்த்தெழுதலாக மட்டும் கொள்வோர், நால்வருமே உறவினரிடம் தங்காமல் நீங்கிச் செல்வதைக் கருதுவதில்லை. கண்டடைந்த குடும்பம் பிறந்த குடும்பத்தை அழிக்கவில்லை. அதனிடம் சென்று முகம் காட்டித் திரும்பும் ஆற்றலை அளிக்கிறது. கான்சலாட்டாவோ கடற்கரையில் பாடும் பியடாடே என்னும் பெண்ணின் மடியில் தலைசாய்த்துக் கிடக்கிறாள். பிறருக்கு மூத்தவளாய் இருந்தவள் மீண்டும் ஒருத்திக்கு இளையவளாகிறாள்.

செனகாவின் காட்சி இவற்றுள் வேறானது. ஐந்து வயதில் அவளை வெற்று வீட்டில் விட்டுச்சென்ற ஜீன், அக்காள் எனத் தன்னைச் சொல்லிக்கொண்ட தாய். வண்டிகள் நிறுத்துமிடம் ஒன்றில் அவள் செனகாவைக் கண்டு பேச்சுக் கொடுக்கிறாள். முன்பு வாழ்ந்த இடத்தின் பெயரைத் தவறாகச் சொல்கிறாள். இல்லை என்று செனகா மறுக்க, ஜீன் விலகிப் போய்விடுகிறாள். தவறு பின்னரே அவளுக்கு உறைக்கிறது. அவ்வேளையில் கண்ணாடித்துண்டு கிழித்த செனகாவின் கைகளை உடன்வந்த பெண்ணொருத்தி கழுவிக்கொண்டிருக்கிறாள். வந்தவள் யார் என அவள் வினவ, யாரோ ஒரு பெண் என்கிறாள் செனகா.